உடைந்த நெம்பும் பஞ்சிகாவத்தை லேத்தும்: பழைய பெடல் ஸ்டீல் கிற்றாரைத் திருத்துவது பற்றி

ஐம்பது அறுபது வருடப் பழைய பெடல் ஸ்டீல் கிற்றாரின் அடிவயிற்றில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு உடைந்துவிட்டது என்று வையுங்கள். செய்த கம்பனி எப்போதோ மூடிவிட்டது. உதிரிப்பாகம் இருந்தால் அமெரிக்காவில் இருக்கும். கருவி இருப்பதோ கொழும்பு 13இல். என்ன செய்வது? ஒட்டு என்பார் ஒருவர், வெல்ட் பண்ணு என்பார் இன்னொருவர். பழைய கருவி ஒன்றைத் தேடி அதிலிருந்து கழற்று, புதிதாகக் கடை, அச்சில் வார், கணினியில் வரைந்து பிளாஸ்டிக்கில் எடு என்று யோசனைகள் வரிசையாக வரும். ஒவ்வொரு யோசனைக்கும் அதைச் செய்து வென்ற ஒருவர் சாட்சிக்கு இருப்பார். இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: எப்படிப் பொருத்துவது என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஏன் உடைந்தது என்று கேட்பவர் குறைவு. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவது பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும்.

கருவியைத் தெரியாதவர்களுக்காகச் சில வரி. 1880களின் பிற்பகுதியில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற மாணவன் கிற்றாரை மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசித்தான். ஹவாயன் கிற்றார் அங்கிருந்து வந்தது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அந்த வழுக்கொலி புதிதல்ல. 1940களில் தாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். 1967இல் வெளியான ‘கால் ஒஃப் த வெலி’ இசைத்தட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா அதே கிற்றாரில் இந்துஸ்தானி வாசித்தார். இலங்கையில் ஹவாயன் கிற்றார் என்றதும் பற்றிக் தெனிப்பிட்டியவின் பெயர் நினைவுக்கு வரும். அதன் இளைய உறவான பெடல் ஸ்டீல் இங்கே அரிது. அமெரிக்க நாட்டுப்புற இசையின் வழியே காதுக்கு வந்ததுதான் அதிகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இசையில் இலங்கையர் நெஞ்சில் நிலையாக இடம்பிடித்தவர் ஜிம் ரீவ்ஸ். அவருக்குப் புகழ் தந்த ‘நாஷ்வில் ஒலி’யோ ஸ்டீல் கிற்றாரை ஓரம் தள்ளிவிட்டு வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்த பாணி.

கால்களில் நிற்கும் நீண்ட பலகை, அதன்மேல் பெரும்பாலும் பத்துத் தந்தி, கீழே மூன்று நான்கு பெடல், முழங்காலால் தள்ளும் சில நெம்புகள். பெடலை மிதித்தால் அதிலிருந்து மேலே போகும் கம்பி ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும். தண்டில் இறுகப் பூட்டிய சிறு நெம்பு, அதாவது பெல் கிராங்க், கூடவே திரும்பி ஓர் இழுகம்பியை இழுக்கும். இழுகம்பியின் மறுமுனையில் ‘விரல்’ என்று சொல்லப்படும் துண்டு இருக்கிறது. தந்தி அதன் வளைந்த தலையில்தான் தாங்கி நிற்கிறது. விரல் அசைந்தால் தந்தி இறுகும் அல்லது தளரும், சுருதி ஏறும் அல்லது இறங்கும். நாஷ்வில்லில் புழங்கும் ஈ9 சுருதியமைப்பில் முதல் பெடல் பி தந்திகளை முழுத்தொனி உயர்த்தும், இரண்டாவது ஜி ஷார்ப் தந்திகளை அரைத்தொனி உயர்த்தும். பலகைக்கு அடியில் இப்படி ஏராளமான துண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

எவ்வளவு நுட்பமான இழுவை என்பதைக் கணக்கில் பார்க்கலாம். 24 அங்குல நீளத்தில் 0.011 அங்குலத் தடிப்புள்ள ஜி ஷார்ப் தந்தி நிற்பது ஏறத்தாழ 12 கிலோ இழுவிசையில். அதை அரைத்தொனி உயர்த்த விரல் நகர வேண்டியது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த நகர்வில் இருபதில் ஒரு பங்கு தளர்வு இணைப்புகளுக்குள் நுழைந்துவிட்டால் சுருதி ஐந்து சென்ற் அளவில் பிசகும். நல்ல காது அதைப் பிடித்துவிடும். ஆகவே உடைந்ததைப் பொருத்தினால் போதாது, ஆட்டமில்லாமல் பொருத்த வேண்டும். மோட்டார் சைக்கிள் கிளச் நெம்பை ஒட்டவைப்பது போன்ற வேலை இதற்கு ஆகாது.

இனி, ஏன் உடைகிறது? பழைய கருவிகள் சிலவற்றில் இந்தச் சிறு துண்டுகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அமெரிக்கர்கள் இளக்காரமாகச் ‘சட்டி உலோகம்’ என்பது இதைத்தான். குறைந்த சூட்டில் உருகும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும், ஆயிரக்கணக்கில் வார்க்க மலிவு. ஆனால் இழுவிசையைத் தாங்குவதில் பலவீனம். வளையாது, வளைய வேண்டிய நேரத்தில் முறியும். இதற்கு மேல் துத்தநாகப் பூச்சி என்று ஒரு நோயும் உண்டு. ஈயம், தகரம், கட்மியம் ஆகியவை சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்புப் பரவும். துண்டு வீங்கி, வெடித்து, கடைசியில் கையில் பொடியும். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. 1930களின் கிராமபோன் வைத்திருப்பவர்கள் அதன் ஒலிப்பெட்டியில் இதைக் கண்டிருப்பார்கள். 1929இல் நியூ ஜேர்சி சிங்க் கம்பனி, 99.99% தூய துத்தநாகத்தோடு 4% அலுமினியம் சேர்த்து சமாக் என்ற கலவையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை திருந்தியது.

பெடல் ஸ்டீல்கள் அதற்குப் பிற்காலத்தவை. எனவே அவற்றில் பூச்சி விழுந்தது என்று உடனே முடிவுகட்டுவது அவசரம். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். துண்டு முழுவதும் நுண்ணிய வெடிப்பு ஓடி, அளவில் ஊதியிருந்தால் பூச்சி. ஒரே ஒரு கோடு, அதுவும் தண்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூவின் துளையிலிருந்து புறப்பட்டிருந்தால், யாரோ எப்போதோ சாவியை ஒரு சுற்று அதிகம் முறுக்கியிருக்கிறார்கள். உடைந்த முகத்தில் குமிழ்க்குழிகள் தெரிந்தால் வார்ப்பிலேயே காற்று தங்கியிருந்தது. இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. பூச்சி பிடித்திருந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதன் கூட்டாளிகளும் வரிசையில் நிற்கின்றன. அதிகமாக முறுக்கியதால் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு முறுக்கும் கையை மாற்றினால் போதும்.

துண்டு எந்த உலோகம் என்பதே சந்தேகமா? கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் செட்டியார் தெரு. அங்குள்ள பொன் தராசில் துண்டைக் காற்றிலும் பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டும் நிறுத்துப் பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். துத்தநாகக் கலவை கன சென்ரிமீற்றருக்கு 6.6 கிராம் அளவு, அலுமினியம் 2.7, பித்தளை 8.5 அளவு. தங்கத்தில் செம்பு கலந்ததா என்று பார்க்கும் பழைய வழிதான்.

இப்போது வைத்தியங்களுக்கு வருவோம். ஒட்டுப்பசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரல்டைட் போன்ற எபொக்சிகள் பரந்த முகத்தில் நன்றாகப் பிடிக்கும். பெல் கிராங்கின் உடைந்த முகம் சில சதுர மில்லிமீற்றர், அதுவும் ஒவ்வொரு மிதிக்கும் இழுபடும் இடம். ஒரு கச்சேரிக்குத் தாங்கலாம். விசை விழாத இடங்களில், உதாரணமாக விளிம்பு உடைந்த ஒரு மூடியில், தாராளமாகப் பாவிக்கலாம்.

வெல்டிங் கடைக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. சமாக் உருகுவது 380 பாகை செல்சியஸை அடுத்து. துத்தநாகம் கொதிப்பது 907 பாகையில். வெல்டிங் தீச்சுடர் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் தாண்டிவிடும். துண்டு வடிவமிழந்து வழியும், எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் காய்ச்சல் வரும். துத்தநாகத்துக்கென்றே விற்கும் ஒட்டுக்கம்பிகள் உண்டு. அவை உருகும் சூடும் துண்டு உருகும் சூடும் அடுத்தடுத்த வீடு. மிகவும் பழகிய கை வேண்டும். பழகிய கையும் முதலில் வேண்டாத துண்டு ஒன்றில் செய்து பார்த்துவிட்டுத்தான் உங்களுடையதைத் தொட வேண்டும். உடைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது அளவெடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது. உடைந்த துண்டுதான் புதியது செய்வதற்கான ஒரே வரைபடம் என்பதால் இந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

வேறொரு பழைய கருவியிலிருந்து கழற்றிப் போடுவதை அமெரிக்காவில் பலர் விரும்புகிறார்கள், அசல் அசலாகவே இருக்கும் என்பதால். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. கழற்றிய துண்டும் அதே வயது, அதே வார்ப்பு, அதே களைப்பு. தவிர, கொழும்புக்கு அது ஆகாயவழியாக வந்து சுங்கத்தையும் தாண்ட வேண்டும். 2020 முதல் 2023 வரை எத்தனையோ பொருள்களுக்கு இறக்குமதித் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. 1970இலிருந்து 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தைக் கண்ட முதியவர்களுக்கு இது புதிதல்ல. ‘வெளியிலிருந்து வரும்’ என்று காத்திருக்காமல் ‘இங்கே செய்விப்போம்’ என்று நினைக்கும் பழக்கம் இந்த ஊருக்கு அப்போதே வந்துவிட்டது.

ஆகவே மிஞ்சுவது புதிதாகச் செய்வது. பெரும்பாலான நேரங்களில் சரியான விடையும் அதுதான் என்பது என் முடிவு. கருவியின் வரலாறே இதற்குச் சாட்சி. பெடல் பூட்டிய ஸ்டீல் கிற்றார் ஒன்றை கிப்சன் கம்பனி 1940 வாக்கில் விற்றது உண்மைதான். ஆனால் இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டியது போல் பிக்ஸ்பி 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற ஸ்டீல் கிற்றார்க் கலைஞருக்குச் செய்து கொடுத்த கருவி. பிக்ஸ்பி யார்? குரொக்கர் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வார்ப்புக்கான மாதிரியுருக்கள் செய்த தொழிலாளி. வாசிப்பவர்களான ஷொட் ஜக்சனும் பட்டி எமன்ஸும் ஷோ-பட் கிற்றாரை 1950களில் தொடங்கியது ஒரு கராஜில். வாசித்தவர்களும் கடைச்சல்காரரும் ஒரே மேசையில் நின்று உருவாக்கிய பொருள் இது. லேத், துளைபொறி, அரம் மூன்றும் உள்ள இடத்தில் பிறந்ததை அந்த மூன்றும் உள்ள இடத்தில் திருத்த முடியாது என்பதற்கு நியாயமில்லை.

அந்த மூன்றும் இங்கே இருக்கின்றன. பழைய சோனகத் தெருவில் ஆணி முதல் பித்தளைக் கோல் வரை வாங்கலாம். பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பாகத்தைக் கடைந்து கொடுக்கிற லேத் பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிற்றார் தெரிய வேண்டியதில்லை. ‘இந்தத் துளை இந்தத் தண்டில் ஆட்டமில்லாமல் ஏற வேண்டும், ஆனால் கையால் தள்ளினால் நழுவ வேண்டும்’ என்று சொன்னால் போதும். கூடவே தண்டையும் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். அளவை எழுதிக்கொண்டு மட்டும் போகிறவர்கள்தான் இரண்டாம் முறையும் போகிறார்கள்.

எந்த உலோகத்தில்? அலுமினியம் இலேசு, நவீன பெடல் ஸ்டீல்கள் பலவற்றின் இத்தகைய பாகங்களும் அதில்தான் செய்யப்படுகின்றன. யன்னல் சட்டம் செய்கிற மென்மையான ரகத்தைத் தவிர்த்து, இயந்திரப் பாகங்களுக்கான தடித்த கோல் கேட்டு வாங்குவது நல்லது. மென்மையான ரகத்தில் கிரப் ஸ்க்ரூவின் மரை சீக்கிரம் தேயும். பித்தளை பாரம் கூடியது, ஆனால் கடைவதற்கு இனியது, மரை பிடிக்கும், கடற்காற்றில் உருக்குத் தண்டோடு அலுமினியத்தைப் போல வெண்பொடி கக்கி இறுகிக்கொள்ளாது. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிறவருக்கு இது சின்ன விசயமல்ல. பெல் கிராங்குக்கு நான் பித்தளையையே சொல்வேன். விரலுக்குச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் தந்தி அதன்மேல் அமர்கிறது. அங்கே உலோகத்தை மாற்றினால் நாதமும் மாறும் என்று வாசிப்பவர்கள் பலர் சத்தியம் செய்கிறார்கள்.

வடிவம் லேத்துக்கு அடங்காத வளைவுகளோடு இருந்தால் செட்டியார் தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும். நகைப் பட்டறைகளில் மெழுகு உருச் செய்து, சாந்துக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அன்றாட வேலை. மோதிரத்துக்குப் பதில் பித்தளை நெம்பு என்றால் கைக்கு வித்தியாசமில்லை. ஒன்று மட்டும் கவனம். பித்தளை ஆறும்போது ஏறத்தாழ 1.5% சுருங்கும். 50 மில்லிமீற்றர் துண்டில் அது முக்கால் மில்லிமீற்றர். ஆகவே உடைந்த துண்டை அப்படியே பிரதி எடுத்தால் சிறுத்து வரும். மெழுகைச் சற்றுப் பெரிதாகச் செதுக்கி, துளைகளை வார்க்காமல் பிறகு லேத்தில் போட வேண்டும்.

முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்காக எடுப்பது இப்போதைய மோகம். எல்லோரும் முதலில் எடுக்கிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகைக்குக் கிட்டவே இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு வந்துவிடும். விசை தாங்கும் நெம்பாக அது ஆகாது. ஆனால் உலோகத்தைத் தொடுவதற்கு முன் அளவு சரியா என்று பொருத்திப் பார்க்கும் மாதிரியாக மிகவும் உதவும். பிளாஸ்டிக்கில் மூன்று முறை தவறு செய்வது பித்தளையில் ஒரு முறை தவறு செய்வதைவிட மலிவு.

மரை விவகாரம் தனிக் கதை. அமெரிக்கக் கருவி முழுக்க அங்குலக் கணக்கு. இன்றைய இலங்கை முழுக்க ஜப்பான் வாகனங்களின் மில்லிமீற்றர்க் கணக்கு. மில்லிமீற்றர் ஆணி அங்குலத் துளையில் முதல் இரண்டு சுற்று நல்லபிள்ளையாக ஏறும், மூன்றாவதில் மரையைத் தின்னும். 10-32 என்ற யுஎன்எஃப் மரைக்கு மொரிஸ் மைனர்க்காரர்களை விசாரிக்கலாம். அந்தக் கார் இங்கே இன்னும் ஓடுகிறது. 1990களில் சார்ள்ஸ் வெயார் என்ற ஆங்கிலேயர் அதன் தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்வித்துப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகுமளவுக்கு அந்தக் கைத்திறன் இங்கு உயிரோடிருந்தது. 6-32 மரையாணி வேண்டுமென்றால் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவுக்குப் போகலாம். கணினிப் பெட்டிகளை மூடும் ஆணி அதே மரைதான். வெள்ளவத்தைக்காரருக்கு இது இன்னும் கிட்டம். ஃபெண்டர் 1957 அளவில் கொண்டுவந்த கம்பிவடப் பெடல் ஸ்டீல்களில் வடம் அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரே பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. அதற்கு எந்தத் தெருவுக்கும் போகலாம்.

அசலைக் கெடுப்பதா என்று சேகரிப்போர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதன் விலை அறிந்தே கேட்கிறார்கள். ஆனால் கெடுப்பது வேறு, மாற்றுவது வேறு. தண்டைத் தேய்க்காமல், பலகையில் புதுத் துளை போடாமல், கழற்றினால் பழையபடி ஆகிற மாதிரி ஒரு பித்தளை நெம்பைப் போட்டால் அசலுக்கு ஒரு சேதமுமில்லை. உடைந்த துண்டைப் பெயரும் திகதியும் எழுதிய உறையிலிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த உடைமையாளர் விரும்பினால் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கட்டும். இருக்கிற துளையைப் பெருப்பித்து, கிடைக்கிற ஆணியை முறுக்கி, ‘இப்போதைக்கு இது போதும்’ என்று செய்வதைத்தான் நான் எதிர்ப்பேன்.

ஒன்றுமே உடையாமல் உடைந்ததுபோல் தோன்றுகிற வழக்குகளும் நிறைய. பெடலை விட்ட பிறகு சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் முதல் சந்தேகம் பழைய கிறீஸ். பல வருடத்தில் அது பிசினாக இறுகிவிடும். லைற்றருக்கு ஊற்றும் பெற்றோலிய எண்ணெயைத் தூரிகையில் தொட்டுக் கழுவி, பின்னர் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டாலே பாதி நோய் போகும். கழுவும்போது அருகில் நெருப்பு வேண்டாம், வார்னிஷ் பூசிய பலகையிலும் படவிட வேண்டாம். ஒரே தந்தி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுகிறதா, விரலின் தலையில் பள்ளம் விழுந்திருக்கும். நுண்ணிய மணல் தாளால் அதைத் தேய்த்து வழவழப்பாக்கலாம். இறுகிய நெம்பை வலிந்து இழுத்து உடைத்த பிறகு பட்டறையைத் தேடுவதைவிட இது எளிது.

இப்படியொரு கருவி வீட்டில் இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள். எந்த இழுகம்பி எந்தத் துளையில் என்பதை நினைவு வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். உடைந்த இரு பாதிகளையும், அது ஏறியிருந்த தண்டையும், அதன் ஆணியையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள். கடையச் சொல்லும்போது ஒன்று கேட்காமல் இரண்டு கேளுங்கள். லேத்தில் கூலியின் பெரும்பங்கு ஆயத்தம் செய்யும் நேரத்துக்குத்தான். இரண்டாவது துண்டுக்குக் கொஞ்சம்தான் கூடும்.